எல்லாருக்கும் ஏ கிரேட்

சேர்க்கைக் கடிதம் நான்கே நாளில் வந்தது. வீட்டுக்காரர்களின் மகள் செவ்வாய்க்கிழமை விண்ணப்பித்தாள். சனிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் கூச்சல் கேட்டது.

ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் அந்த வீட்டில் நான் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணவன், மனைவி, அவர்களின் ஒரே மகள். அக்கா, அண்ணா என்றே அவர்களைக் கூப்பிடுவேன். அக்கா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தார். அண்ணா மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைப் பரிசோதிப்பவர். மகளுக்குப் பதினெட்டு வயது. பள்ளியின் கடைசித் தேர்வுகளை எழுதிக்கொண்டிருந்தாள். நான் தமிழ்நாட்டுக்காரி. மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எதையும் பட்டியலாக எழுதிப் பார்க்காமல் எனக்கு யோசிக்க வராது. அந்தச் சனிக்கிழமை மட்டும் அப்படிச் செய்யவில்லை.

"தங்கச்சி, இஞ்ச ஓடி வாரும்! பிள்ளைக்கு அமெரிக்காவிலை இடம் கிடைச்சிட்டுது!"

அக்கா தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பச்சை நிறத்தில் ஒரு கேடயச் சின்னம், அதற்குள் ஒரு மரம், கீழே லத்தீனில் ஒரு வரி. ஒரு மாநிலத்தின் பெயரும் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லும் சேர்ந்த பெயர். நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் கேள்விப்படாத கல்லூரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

"நல்ல கம்பஸ் தானே? நீர் அங்க படிச்சனீர், உமக்குத் தெரியும்."

வாயில் பற்பசை. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கும்க்கா" என்றேன்.

மத்தியானத்துக்குள் அது டொராண்டோவுக்குப் போய்விட்டது. அக்கா தன் தங்கைக்கு அனுப்பிய குரல்செய்தி சமையலறையிலிருந்து கேட்டது. "எங்கட வீட்டிலை இருக்கிற பிள்ளை, அமெரிக்காவிலை மாஸ்டர்ஸ் செய்தவ, வடிவாப் பாத்திட்டு நல்ல கம்பஸ் எண்டு சொல்லிட்டா. பேந்தென்ன?" நான் எதையும் வடிவாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்தது ஒரு மரத்தை மட்டும்.

இந்தக் குடும்பம் விசாரிக்காமல் எதையும் செய்யும் குடும்பமல்ல. நகரின் கிழக்கே பக்குரங்காவில் இருந்த சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மகளின் பள்ளிக்காகவே எப்சமில் வாடகைக்கு வந்தவர்கள். எல்லைக்குள் வீடு இருந்தால்தான் அந்தப் பள்ளியில் இடம். பள்ளியின் எல்லைக்கோடு எந்தத் தெருவில் எந்தப் பக்கமாகப் போகிறது என்று அக்காவுக்கு மனப்பாடம். "எங்கட பக்கம் ஸோன். எதிர்ப் பக்கம் இல்லை. அந்தாக்கள் பாவம், இரண்டு வருசமா எங்கட வேலியைப் பாத்துக்கொண்டு இருக்கினம்" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆக்லாந்தில் பத்து மீட்டர் அகலமுள்ள தெருவுக்கு இரு பக்கமும் ஒன்றல்ல என்று தெரிந்த அதே அக்காவுக்கு, ஒரு கண்டம் அகலமுள்ள நாடு முழுவதும் ஒரே தரமாகத் தெரிந்தது. கோயிலில் விஷயம் பரவியபோதும் அப்படித்தான். பார்த்தவர்கள் எல்லாரும் எந்த நாடு என்று கேட்டார்கள். அமெரிக்கா என்றதும் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். எந்தக் கல்லூரி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெயரை வைத்து அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதை நான் நன்றாக அறிவேன். நான்கு ஆண்டுகளாக அதை வைத்துத்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் பட்டத்துக்கென நான் சேர்ந்தது ஒரு கல்லூரியில் அல்ல, இரண்டில். இதை ஆக்லாந்தில் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதலாவது ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே என் முதல் அசைன்மென்டை ஆசிரியர் திருப்பித் தந்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் பென்சில் குறிப்புகள் இருந்தன. கடைசிப் பக்கத்தில், 'இந்த நிரல் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று உனக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். அது உண்மை. அவருடைய அறைக்கு வாரம் இரண்டு முறை போய் நின்றேன். அந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்தது பி. இன்னொன்றில் சி. இன்று வேலையில் நான் செய்கிற உருப்படியான எதற்கும் வேர் அந்த ஒரு வருடத்தில் இருக்கிறது. அதே ஊரில் இருந்த சிறிய இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் மாலை நேரப் புள்ளியியல் வகுப்புக்கும் போனேன். சுவரில் பெயிண்ட் உரிந்த கட்டடம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வரும் ஆசிரியை, போன வாரம் யார் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று ஆளாளுக்குக் குறித்துவைத்திருப்பார். அவரளவுக்குக் கற்பித்தவர்களை நான் பார்த்ததில்லை. கட்டடத்தையும் பெயரையும் கட்டணத்தையும் வைத்து அங்கே எதையும் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் ஆண்டு செலவு தாங்கவில்லை. எங்கள் வட்டத்தில் எல்லாரும் மாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு நானும் மாறினேன். மாதம் ஒரு சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரண்டு தளங்கள்தான் கல்லூரி. கீழே பல் மருத்துவமனை. நூலகம் என்று எழுதிய கதவு பூட்டியிருக்கும். சாவி வரவேற்பாளரிடம். ஒரே ஆசிரியர் தரவுத்தளமும் எடுத்தார், வணிக நெறிமுறையும் எடுத்தார். அவர் திரையில் காட்டிய பக்கங்களின் ஓரத்தில் வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது. ஒரு முறை அவசரத்தில் அசைன்மென்டுக்குப் பதிலாக என் அறையின் வாடகை ஒப்பந்தத்தை ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதைக் கவனித்து, மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தபோது மதிப்பெண் வந்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பக்கத்தில், 'நல்ல பகுப்பாய்வு.'

மன்னிப்புக் கடிதத்தை நான் அனுப்பவில்லை.

பட்டம் அந்தக் கல்லூரியின் பெயரில்தான் வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ. அமெரிக்காவில் நேர்காணலுக்குப் போன இடங்களில் பெயரைப் பார்த்ததும் முகங்கள் மரியாதையாக மூடிக்கொண்டன. ஆக்லாந்தில் அப்படியில்லை. இங்கே விசாவுக்குக் கணக்கில் எடுத்தது சென்னையில் நான் முடித்த பி.இ.யையும் அங்கே பார்த்த மூன்று வருட வேலையையும்தான். ஆனாலும் என் மேலாளர் முதல் நாள், "ஓ, ஸ்டேட்ஸ்!" என்று புருவத்தை உயர்த்தினார். நான் திருத்தவில்லை. கோயிலிலும் திருத்தவில்லை. அக்காவின் வீட்டிலும் இல்லை.

குரல்செய்தி போன மறுவாரம், அக்காவின் மகளுக்கு இடம் தந்த கல்லூரியைச் சோதிக்கத் தொடங்கினேன். பதினான்கு கேள்விகள் கொண்ட பட்டியல் போட்டேன்.

முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருந்தது. ஒரு நிமிடம் மூச்சு லேசானது. பிறகு நான் படித்த இரண்டாவது கல்லூரிக்கும் அது இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. அங்கீகாரம் என்றால் தரை இருக்கிறது என்று பொருள். வீடு இருக்கிறது என்று பொருளல்ல.

அவள் சேர இருந்தது தரவு அறிவியல். பாடத்திட்டப் புத்தகத்தில் முப்பதுக்கு மேல் பாடங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் அழகான ஒரு பத்தியோடு. கல்லூரியின் வலைத்தளத்தில் இன்னொரு மூலையில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் உண்மையில் நடந்த வகுப்புகளின் கால அட்டவணை இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நான் கடைசி நான்கு செமஸ்டர்களை இறக்கி, புத்தகத்தோடு ஒப்பிட்டேன். அவற்றில் ஒன்பதுதான் நடந்திருந்தன. மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் உரிய பாடங்களில் ஒன்றுகூட இல்லை. நடந்த ஒன்பதையும் மூன்று பேர் எடுத்திருந்தார்கள். அந்த மூவரில் ஒருவருடைய பெயர் சந்தைப்படுத்தலிலும் இருந்தது, உளவியலிலும் இருந்தது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணையும் தேடி எடுத்தேன். பாதியை எட்டக்கூட அது வெகுதூரம் போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை, அங்கே வெள்ளி பிற்பகலாக இருக்கும்போது, நூலகத்தின் எண்ணைக் கூப்பிட்டேன். பத்துப் பன்னிரண்டு முறை மணி அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். நூலகமா என்று கேட்டேன்.

"எந்த நூலகம்?" என்று கேட்டாள்.

கேலியில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு என் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் அக்காவின் மகள் பயணப் பெட்டிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அளவுநாடா சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும் ஒலி மறுபடி மறுபடி கேட்டது.

அன்று மாலை சார்ஜர் கேட்டு என் அறைக்கு வந்தாள். பட்டியல் திரையில் திறந்திருந்தது. அவள் இங்கே பிறந்தவள். வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். என்னிடம் மட்டும் இரண்டையும் கலந்து பேசுவாள்.

"அக்கா, சீரியஸ்லி? என் யூனிக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டா?"

"உக்காரு. கொஞ்சம் பாரு."

பார்த்தாள். வேகமாகப் படிப்பவள். சிவப்பு நிறக் கட்டங்களில் மட்டும் கண் நின்றது.

"ஓகே. சோ இட்ஸ் நாட் ஹார்வர்ட்."

"ஹார்வர்ட் இல்லாதது பிரச்சினை இல்ல. மூணாவது வருஷம் எடுக்க அங்க பாடமே இல்ல. அதான் பிரச்சினை. இங்க ஆக்லாந்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடச்சிருக்கே, அதுல..."

"இங்க படிச்சா நான் இந்த வீட்டிலதான் இருக்கணும்." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா என் லஞ்ச் பாக்ஸைத் திறந்து எவ்வளவு மிச்சம் எண்டு இன்னும் செக் பண்ணுவா. எனக்கு பதினெட்டு." பிறகு எழுந்து சார்ஜரை உருவிக்கொண்டு, என் அலுவலக மேசையையும் இரண்டு திரைகளையும் காட்டினாள். "எனிவே, யூ வென்ட் தேர். பாருங்க, நீங்க ஓகேதானே?"

அதற்கு ஒரு பதில் இருந்தது. என்னால் அன்று அதைச் சொல்ல முடியவில்லை. என்னை வைத்துத்தான் அவள் போகிறாள் என்பது மட்டும் விளங்கியது.

சொன்னது மூன்று வாரம் கழித்து, டிசம்பர் நடுவில். ஞாயிற்றுக்கிழமை அவளை வழியனுப்ப நாற்பது பேருக்கு வீட்டில் சாப்பாடு. அதற்கு முந்தைய நாள் பிற்பகல் அக்கா ரோல்ஸ் செய்துகொண்டிருந்தார். மாவை மெல்லிய தோசை போலச் சுட்டு, உள்ளே உருளைக்கிழங்கும் டின்னில் அடைத்த மீனும் வைத்துச் சுருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. சுருட்டுவது என் வேலை. அண்ணா முட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கிச் சுத்தும் தங்கச்சி. நீர் சுத்தினது எண்ணெய்க்குள்ள வாயைத் திறக்கும்."

"அக்கா, அந்தக் காலேஜ் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்."

பட்டியலை மனப்பாடமாகச் சொன்னேன். பாடங்கள், ஆசிரியர்கள், முடித்தவர்கள், நூலகம். அக்காவின் கை நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோல் தட்டில் விழுந்தது.

"நீர்தானே நல்லது எண்டு சொன்னனீர்?"

"தப்புக்கா. பாக்காம சொல்லிட்டேன்."

"பாக்காமலோ?" இப்போது கை நின்றது. "நான் கோயில் முழுக்கச் சொல்லியிருக்கிறன். டொராண்டோவுக்குச் சொல்லியிருக்கிறன். நாளைக்கு நாப்பது பேர் வருகினம். இப்ப வந்து பாக்காமச் சொன்னனான் எண்டுறீர்." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உமக்குக் கிடைச்சது என்ர பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது எண்ட எண்ணமோ?"

"இஞ்சேரும், அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் அண்ணா.

"நீங்கள் முட்டையை அடியுங்கோ."

எனக்குக் கிடைத்ததைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். இரண்டு கல்லூரிகள். பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு தளங்கள். பூட்டிய கதவு. வாடகை ஒப்பந்தம், தொண்ணூற்றெட்டு. சொல்லச் சொல்ல என் குரல் சாதாரணமாகவே இருந்தது. விரல்களில் ஒட்டிய மாவு காய்ந்து இறுகியது. பட்டத்தின் பெயரை இங்கே யாருக்கும் அடையாளம் தெரியாததால்தான் தலை நிமிர்ந்து திரிகிறேன் என்றும் சொன்னேன்.

அண்ணா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ரத்தம் எடுக்காமலே ரிசல்ட் எழுதுற மாதிரி" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அக்காவுக்கு அது வேறுவிதமாகப் போய்ச் சேர்ந்தது.

"அப்ப ஒண்டும் படிப்பிக்காத இடத்திலை படிச்சிட்டுத்தான் நீர் இஞ்ச இவ்வளவு பெரிய வேலையிலை இருக்கிறீர்?"

"அந்தப் படிப்பால இல்லக்கா..."

"எதாலையோ. இருக்கிறீர் தானே. என்ர பிள்ளை உம்மைவிடக் கெட்டிக்காரி." அடுத்த தோசையை எடுத்து என் முன்னால் போட்டார். "சுத்தும். ஆறுது."

மறுநாள் நாற்பது பேரும் வந்தார்கள். ரோல்ஸ் நன்றாக இருந்ததென்று சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என்னிடம் வந்து, தன் மகனுக்கும் அங்கேயே முயற்சி செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்து போனார். சற்று நேரத்தில், "அந்தப் பிள்ளைக்கு எரிச்சல் போல" என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

அவள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அண்ணா என் கதவைத் தட்டினார். அக்கா வேலைக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, ஒரு செமஸ்டர் அங்க படிச்சிட்டு விட்டா என்ன நட்டம்?"

"ஒரு செமஸ்டர்னா அஞ்சு மாசம்தான் அண்ணா. ரெண்டு வருஷம் போயிட்டா அந்தப் பாடத்தை எல்லாம் வேற யாரும் ஏத்துக்க மாட்டாங்க. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"இஞ்சத்தைய இடத்தை வச்சிருப்பினமோ?"

விசாரித்தேன். வைத்திருப்பார்கள். ஜூலையில் தொடங்கும் இரண்டாம் செமஸ்டருக்கு ஒத்திப்போட ஒரு படிவம் இருந்தது. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவளே தன் கணக்கில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டும். தவறினால் இடம் போய்விடும். அண்ணா மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிரப்பச் சொன்னார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு நிரப்பினாள். "ஃபைன், அப்பா. வாட்எவர்." கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தகப்பனிடம் கொடுத்தாள். "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றார் அவர், என்னிடமும் சேர்த்து.

ஜனவரி முதல் வாரம் போனாள்.

முதல் படங்கள் நன்றாக இருந்தன. பனி, சிவப்புக் கம்பளிக் குல்லா, வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் ஒரே சோபாவில். வகுப்பறைப் படம் ஒன்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து அனுப்பினாள். நாற்காலிகள் எல்லாம் ஒரு சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. வகுப்பு ஆன்லைனுக்கு மாறிவிட்டதாம். மார்ச்சில் ஓர் ஆசிரியர் நின்றுவிட்டார், மாற்று ஆசிரியர் வரவில்லை, அவர் பதிவுசெய்து வைத்திருந்த காணொளிகளைப் பார்க்கச் சொன்னார்கள். 'கிளாஸ் ரொம்ப சில் அக்கா, நோ ஸ்ட்ரெஸ்' என்று எழுதினாள். ஏப்ரலில் அவள் எழுதுவது குறைந்தது. நான் கேட்ட கேள்விகளுக்குச் சிரிக்கும் முகங்கள் வந்தன.

மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. ஐந்து பாடம், ஐந்திலும் ஏ. அக்கா அதை எல்லாக் குழுக்களிலும் போட்டார். டொராண்டோ தங்கை கைதட்டும் கைகளின் படங்களை வரிசையாக அனுப்பினார். அன்று அக்கா எனக்கும் பாயசம் கொண்டுவந்து வைத்தார். டிசம்பருக்குப் பிறகு என் கதவைத் தட்டி அவராகக் கொடுத்த முதல் பொருள் அது. "பாத்தீரோ?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். அவருக்குப் பின்னால் கூடத்தில் அண்ணா அந்த முடிவுத்தாளைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அதில் வேறெதுவும் இல்லை.

அந்த ஐந்தில் ஒன்று நிரலாக்கம். அவளுக்கு நான் ஒரு சின்னக் கணக்கு அனுப்பினேன். ஆக்லாந்தில் முதல் செமஸ்டர் முடித்த பிள்ளைகள் அரைமணி நேரத்தில் செய்துவிடக்கூடியது. விளையாட்டுக்குச் செய்து பார் என்று எழுதினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் அனுப்பினாள். நிரல் ஓடியது. இரண்டு வரிகளை மாற்றி எழுதச் சொன்னேன். அதற்குப் பதில் வரவே இல்லை.

ஆக்லாந்து இடத்தை உறுதிசெய்யக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மழை. பன்னிரண்டரைக்கு அவள் கூப்பிட்டாள்; அங்கே முந்தைய நாள் மாலை. முகத்தைக் காட்டவில்லை. ஆங்கிலத்தில் பேசினாள். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். ஐந்து மணிக்குள் முடிவு சொல்லணுமாம்."

"ஆமா."

"அக்கா, நான் முட்டாள் இல்லை. இது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும்."

"அப்ப ஏன் வரமாட்டேங்கற?"

பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்டது. அவள் ஒரு கதவைச் சாத்தினாள்.

"நீங்கள் அனுப்பினீர்களே, அந்தக் கணக்கு. அதை நான் செய்யவில்லை. இணையத்தில் எடுத்தேன். இரண்டு வரி மாற்றச் சொன்னீர்கள். எந்த இரண்டு என்றே எனக்குத் தெரியவில்லை. ஸ்கூலில் நான் இப்படி இல்லை, உங்களுக்குத் தெரியும்." மூச்சு எடுத்துக்கொண்டாள். "இங்கே எல்லாருக்கும் ஏ. கஷ்டப்படவே வேண்டாம். அங்கே வந்தால் என்னோடு படித்தவர்கள் எல்லாம் எனக்கு ஒரு செமஸ்டர் முன்னால் இருப்பார்கள். நான் முதல் தடவையாக ஃபெயில் ஆவேன். அம்மா முன்னால்."

அவள் சொன்ன பயம் எனக்குப் பழக்கமானது. இரண்டாவது கல்லூரியில் ஆறு மாதம் இருந்த பிறகு, முதல் பல்கலைக்கழகம் குறைந்த கட்டணத்தில் திரும்பி வரச் சொல்லி எனக்கு எழுதியது. நான் போகவில்லை. செலவுதான் காரணம் என்று வீட்டில் சொன்னேன். பென்சில் குறிப்புகளுக்குப் பயந்துதான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"ஒன்றே ஒன்று சொல்லுங்கள்" என்றாள். "பொய் சொல்லக் கூடாது. நான் வந்தால் பாஸ் பண்ணுவேனா?"

பண்ணுவாய் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அதைச் சொல்லியிருந்தால் வந்திருப்பாள் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் இந்த வீட்டில் நான் பார்க்காமல் சொன்ன ஒரு சொல் எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரிந்த பிறகு, இன்னொன்றைச் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலடா. முதல் ஆறு மாசம் ரொம்பக் கஷ்டமா இருக்கும். நான் கூட உக்காந்து சொல்லித் தருவேன். ஆனா பாஸ் பண்ணுவியான்னு எனக்குத் தெரியல."

"ஓகே" என்றாள். குரலில் கோபம் இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டதைக் கவனித்தவளின் குரல் போல இருந்தது. "தேங்க்ஸ் அக்கா. யாரும் இங்கே இப்படி எதையும் சொல்வதில்லை." வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு அண்ணா வேலை முடிந்து வந்தார். ஈரக் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு நேரே என் அறைக்கு வந்து நின்றார்.

"என்ன சொன்னவள்?"

சொன்னேன், ஒரு வரி விடாமல். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கத்தைத் திறந்து வையும்" என்றார்.

கடவுச்சொல் எழுதிய தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். நான்காக மடித்த தாள், மடிப்புகளில் தேய்ந்திருந்தது. நாமே உறுதிசெய்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் பெயரில் பொத்தானை அழுத்தலாம்; அவளை விமானத்தில் ஏற்ற முடியாது. அவர் மகளை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாலரைக்கு நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார். அக்கா வேலையிலிருந்து அனுப்பிய செய்தி ஒன்று அவருடைய தொலைபேசியில் ஒளிர்ந்து அணைந்தது: கோழி வாங்க வேண்டுமாம்.

ஐந்து மணி ஆனது. திரையில் ஒன்றும் மாறவில்லை. உறுதிசெய்யும் பச்சைப் பொத்தான் அப்படியே இருந்தது.

"இன்னும் இருக்குதே" என்றார்.

"அது பழைய பக்கம் அண்ணா. ரீஃப்ரெஷ் பண்ணினாத்தான் தெரியும்."

என் கை மேசைமேல் இருந்தது. அதை நான் நகர்த்தவில்லை. மழை சற்று விட்டு மீண்டும் பிடித்தது. ஐந்து ஏழுக்கு அவர் முன்னால் சாய்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரீஃப்ரெஷ் செய்ய எந்தப் பொத்தான் என்று கேட்டார். காட்டினேன். அவரே அழுத்தினார்.